மச்சான் மெலிந்த நான்கு போயாக்கள்

முப்பத்தொரு வருடம் நான் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவன். நிறுத்தல் அளத்தல் கருவிகளைப் பரிசோதிக்கும் வேலை என்று அரசாங்கம் அதற்குப் பெயர் வைத்திருந்தது. கடை கடையாக ஏறித் தராசைத் தட்டிப் பார்ப்பேன். படிக்கல்லைப் புரட்டி அடியில் ஈயத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்று நகத்தால் கிளறிப் பார்ப்பேன். சரியென்றால் முத்திரை, பிழையென்றால் வழக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கொட்டாஞ்சேனைச் சந்தைக்குள் நான் நுழைந்தால் மீன்காரன் பக்கத்துக் கடைக்காரனுக்கு "மாத்தயா எனவா" என்று குரல் கொடுப்பான். ஐயா வருகிறார், தட்டைத் துடைத்து வை என்று அர்த்தம்.

"உங்களை விட்டால் கலியாண வீட்டில தாலியையும் நிறுத்துப் பாப்பீங்கள்" என்று என் தங்கச்சி சொல்வாள். அவளுடைய கலியாணத்திலேயே அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை நான் அவளுக்குச் சொன்னதில்லை.

அந்தத் தங்கச்சியின் புருஷன்தான் மச்சான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். ஆணி, சங்கிலி, கம்பி எல்லாம் நிறுத்து விற்கிற கடை. சம்பந்தம் பேசிய நாளில் நான்தான் நடுவில் நின்றேன். "பொய் சொல்லத் தெரியாதவன் அம்மா, நான் பொறுப்பு" என்று சொல்லித் தங்கச்சியைக் கொடுக்க வைத்தேன். ஊரில் எந்தத் தராசுக்கும் வாயால் உத்தரவாதம் கொடுக்காத நான், இவன் ஒருவனுக்குத்தான் கொடுத்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஒரு பேச்சு வந்தது. கொட்டாஞ்சேனையில் உள்ள சிறுவர் இல்லம் ஒன்றுக்கு அரிசி சேர்த்துக் கொடுக்க வேண்டும். வழக்கம்போல ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனால் ஆட்கள் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று செயலாளர் சொன்னார். லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஓடுகிறார்களாம், மொட்டை அடிக்கிறார்களாம், ஐஸ் தண்ணீரில் இறங்குகிறார்களாம், உடம்பை வருத்தினால்தான் சனம் கை கொடுக்குமாம். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. காலிமுகத்திடலில் ஓடலாம் என்று ஒருவர் சொன்னபோது மற்றவர்கள் தங்கள் முழங்காலைத் தடவினார்கள்.

அப்போது மச்சான் எழுந்து, "நான் மெலியிறன்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தலைவருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. கோயிலில் துலாபாரம் கொடுக்கிறோமே, ஆளின் நிறைக்கு நிறை. இது அதன் மறுபக்கம், ஆளில் குறைந்த நிறைக்கு அரிசி. மச்சானில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு மூட்டை இல்லத்துக்குப் போகும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் போயா விடுமுறையில் காலையில் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் மேடையில் நிறுத்துப் பார்ப்பது, நான்கு போயாவோடு முடிப்பது என்று தீர்மானமாயிற்று. நிறுப்பது யார் என்று கேட்க, எல்லா விரலும் என்னை நோக்கி நீண்டன.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. மச்சான் மகா கூச்சக்காரன். கலியாணப் படத்திலேயே தங்கச்சியின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்துதான் நிற்பான். கடையில் இரண்டு வாடிக்கையாளர் சேர்ந்தாற்போல் வந்தால் ஒருவர் போகட்டும் என்று உள்ளே போய்விடுவான். அப்படிப்பட்டவன் தானாக எழுந்து, நாற்பது பேருக்கு முன்னால் மேடையில் ஏறி நிற்கிறேன் என்கிறான். இவனுக்கு என்ன வந்தது?

முதல் போயா. அரிசிக் கடை ஒன்றிலிருந்து மேடைத் தராசு இரவல் வாங்கி வந்தோம். நான் என்னுடைய கற்களை வைத்துச் சோதித்தேன், நாலு மூலையிலும் ஏறி நின்று பார்த்தேன், சரி. மச்சான் தொண்ணூற்றொன்று தசம் நாலு. இரண்டாம் போயா, எண்பத்தேழு தசம் ஒன்று. நாலு மூட்டை. கைதட்டல். தங்கச்சி முன்வரிசையில் இருந்து கன்னம் சிவக்கச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் அவளிடம் வழி கேட்டார்கள். இரவில் சோறு இல்லை, பப்பாசிப்பழம் மட்டும்தான், காலையில் கடற்கரைப் பக்கம் நடை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் போயாவில்தான் அந்தச் சத்தம் கேட்டது. மச்சான் தராசில் ஏறி நிமிர்ந்தபோது அவனுடைய இடுப்புப் பக்கத்திலிருந்து "டக்" என்று ஒன்று. இரும்பில் இரும்பு முட்டும் சத்தம். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அது தாய்மொழி. படிக்கல்லும் படிக்கல்லும் முட்டினால்தான் அப்படிக் கேட்கும். எண்பத்துமூன்று தசம் ஆறு என்று வாசித்தேன், ஆனால் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். விஷயம் வெட்ட வெளிச்சமாக இருந்தது. முதல் நாள் இடுப்பில் பத்துப் பன்னிரண்டு கிலோக் கல்லைக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறான். ஒவ்வொரு போயாவுக்கும் சிலதைக் கழற்றுகிறான். ஆள் மெலியவில்லை, கல்தான் மெலிகிறது. இன்னும் மிச்சம் இருப்பதால்தான் சத்தம் வருகிறது. கடைசி நாளில் அதையும் கழற்றிவிட்டு வீரனைப் போல நிற்பான். இல்லத்துக்கு அரிசி போவது நல்லதுதான், ஆனால் அது என் வாயால் வாசித்த பொய்யில் போகும். இது வெளியே வந்தால் என் தங்கச்சி வெள்ளவத்தையில் எந்த முகத்தோடு நடப்பாள்? பொய் சொல்லத் தெரியாதவன் என்று கொடுத்தவன் நான்.

அடுத்த நாளிலிருந்து அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒளிந்து பார்த்தேன் என்றே சொல்லலாம், வெட்கப்பட்டு என்ன.

காலையில் நடைக்குப் போகிறவன் ரயில் பாதையைக் கடந்து கற்பாறையில் போய் இருந்தான். நடக்கவில்லை. ஒரு மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்தான். பத்து மணிக்குக் கடையைப் பெடியனிடம் விட்டுவிட்டுச் சைவக் கடைக்குள் நுழைந்தான். நான் வீதியின் மறுபக்கம் மருந்துக்கடை நிழலில் நின்றேன். நாலு ரொட்டி, இரண்டு உழுந்து வடை, சீனி போட்ட தேத்தண்ணி. அதோடு விட்டானா, மேசையில் இருந்த தண்ணீர் ஜக்கை முழுதாகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். மூன்று நாள் பார்த்தேன். மூன்று நாளும் அதே கதை. வீட்டில் பப்பாசிப்பழம், வெளியில் வடை.

இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? இவ்வளவு தின்கிறவன் எப்படி மெலிவான்?

தங்கச்சியிடமும் ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன்.

"அவர் ஒழுங்காச் சாப்பிடாமத்தான் இருக்கிறாரோ?"

"ஓம் அண்ணா. பாவமா இருக்கு. விடிய எழும்பேக்க களைச்சுப் போறார். ஆனா ரோட்டில எல்லாரும் கேக்கினம், எப்பிடி இவ்வளவு வடிவா மெலிஞ்சவர் எண்டு."

அவர்கள் கேட்டது உண்மைதான், நான் வாசித்த இலக்கத்தை நம்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சுகம் விசாரிப்பதற்கு முன் உடம்பை விசாரிப்பார்கள். "என்ன, மெலிஞ்சு போனியள்?" என்று தொடங்கி, "சீனி வியாதியோ? பிரஷரோ? வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டு, மறுமொழி சொல்லும் முன்னரே தங்கள் உறவில் அப்படி மெலிந்து செத்துப்போன ஒருவரின் கதையைச் சொல்லி முடிப்பார்கள். காலி வீதியில் பத்தடி நடந்தால் நாலு பேர் அப்படி மறிப்பார்கள். மச்சானை மறித்தவர்கள் மட்டும் முதுகில் தட்டினார்கள். "நல்ல விசயம் செய்யிறியள்" என்றார்கள். அவனும் தலையைக் குனிந்து சிரித்தான். நடிகன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் போயா அன்று ஒரு முடிவோடு போனேன். எல்லாருக்கும் முன்னால் அவனைப் பிடித்தால் தங்கச்சியின் மானம் போகும். பிடிக்காமல் விட்டால் என் மானம் போகும். மேடைக்குப் பின்னால் கதிரைகள் அடுக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. என் வீட்டுக் குளியலறைத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போய், ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்று அவனை அதற்குள் அழைத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே தலைவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"சேட்டைக் கழட்டு."

"ஏன்டா?"

"கழட்டு எண்டு சொல்லுறன்."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு பொத்தான்களைத் திறந்தான். உள்ளே இன்னொரு சேட் இருந்தது. அதையும் திறந்தான், பெனியன். பெனியனுக்கு மேல், புறக்கோட்டை வியாபாரிகள் சாரத்துக்கு மேல் கட்டுவார்களே, அந்தப் பை வைத்த அகன்ற தோல் பெல்ட். அதை அவிழ்த்து நிலத்தில் வைத்தபோது அதே சத்தம். அஞ்சு ஒரு கிலோப் படிக்கல். அவனுடைய கடைக் கற்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் குத்திய முத்திரை அஞ்சிலும் இருந்தது.

"கள்ளன்" என்றேன். "அந்தப் பிள்ளையளின்ர அரிசியில விளையாடுறியே, வெக்கமில்லை? முதல் நாள் எத்தனை கட்டினனி?"

"முதல் நாள் ஒண்டும் கட்டேல்லை."

"பொய்."

"போன போயாக்கு ரெண்டு. இண்டைக்கு அஞ்சு. வேணுமெண்டா நிறுத்துப் பார்."

எனக்கு விளங்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் பிடித்த ஒவ்வொரு கள்ளனும் தனக்கு லாபமான பக்கம்தான் தராசைச் சாய்த்தான். மெலிந்தேன் என்று காட்ட வேண்டியவன் எதற்காகப் பாரத்தைக் கட்டுகிறான்? நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் இரண்டாவது சேட்டையும் பெனியனையும் கழற்றினான்.

அப்போதுதான் பார்த்தேன். நாலு மாதமாக அவனைச் சுற்றிச் சுற்றி வந்தவன், அப்போதுதான் பார்த்தேன். காறை எலும்புக்குள் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் போல இருந்தது. பெரிய வயிறு இருந்த இடத்தில் தோல் மட்டும் தொங்கியது. காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். பையிலிருந்த தராசை எடுத்து வைத்தேன். எழுபத்துமூன்று தசம் எட்டு.

"எப்ப தொடங்கினது?"

"அந்த மீற்றிங்குக்கு முதலே. காற்சட்டை இடுப்பில நிக்காமப் போச்சுது. ராவில பத்துத்தரம் மூத்திரம், விடிஞ்சா தாகம். எவ்வளவு திண்டாலும் பசி." குரலைத் தாழ்த்தினான். "என்ர அப்பாவை நினைவிருக்குத்தானே உனக்கு. ரோட்டில கண்டவன் எல்லாம் மெலிஞ்சு போனியள், மெலிஞ்சு போனியள் எண்டு. பிறகு ஒரு காலை வெட்டி எடுத்தாங்கள். பிறகு ஆளே இல்லை. என்னையும் கேக்கப் போறாங்கள் எண்டு தெரியும். கேட்டா சொல்ல ஒரு மறுமொழி வேணும்தானே."

"டொக்டரிட்டப் போனியோ?"

"போனா அவன் அதுக்குப் பேரைச் சொல்லிப்போடுவான்."

அந்த மேடையையும் கைதட்டலையும் அரிசி மூட்டைகளையும் இவன் தன் பயத்துக்கு மேல் போர்வையாகப் போட்டிருக்கிறான். அதுவும் கூச்சக்காரன். எவ்வளவு பயம் இருந்தால் மேடையில் ஏறியிருப்பான். போகப் போக உடம்பு கணக்குக்கு அடங்காமல் ஓடத் தொடங்கியதும், சனம் சந்தேகப்படாத அளவுக்கு நிறையைக் கட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறான்.

வெளியே தலைவர் அவன் பெயரைக் கூப்பிட்டார்.

"கல்லைத் தா" என்றான். "எண்பது எண்டு வாசி. ஒரே ஒருக்கா. உன்ர தங்கச்சி முன்னுக்கு இருக்கிறாள். நாளைக்கு டொக்டரிட்டப் போறன், சத்தியமா."

நாளைக்கு. கடைக்காரர்கள் எனக்குச் சொல்லும் சொல் அது. தராசை நாளைக்குத் திருத்துறன் ஐயா, நாளைக்கு மாத்துறன் ஐயா. எந்தக் கடையிலும் அந்த நாளை வந்ததை நான் கண்டதில்லை. மற்ற எல்லாவற்றிலும் பிழையாகிப்போன என் சந்தேகம் அந்த ஒரு சொல்லில் மட்டும் பிழையாகவில்லை. பெல்ட்டைக் காலால் கதிரைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பெனியனை அவனிடம் கொடுத்தேன். சேட்டைக் கொடுக்கவில்லை.

தனியாகத் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். கேட்கலாம். தனியாகச் சொன்னால் அவன் அவளைச் சமாளித்திருப்பான், இரண்டு பேருமாக என்னைச் சமாளித்திருப்பார்கள். நாற்பது பேருக்கு முன்னால் வாசித்த நிறையை யாராலும் திருப்பி வாங்க முடியாது. அதோடு எனக்குக் கோபமும் இருந்தது. என்னை இவ்வளவு நாள் முட்டாளாக்கினானே என்ற கோபம். அதையும் மறைக்க மாட்டேன்.

பெனியனோடு, காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்து தராசில் ஏறினான். நான் மைக்கை வாங்கினேன்.

"எழுபத்துமூன்று தசம் எட்டு."

மண்டபம் அதிர்ந்தது. தலைவர் துள்ளி எழுந்து பதினேழு மூட்டை என்று கத்தினார். யாரோ விசில் அடித்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர், இருபதாக்குங்கோ, மிச்சம் மூண்டும் என்ர கணக்கில என்றார். சிலர் எழுந்து நின்று போனில் படம் எடுத்தார்கள். தராசில் நின்ற மனிதனைப் பார்த்து அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

தங்கச்சியும் முதலில் தட்டினாள். இரண்டு தட்டோடு கை நின்றது. போன மாதம் எண்பத்துமூன்று தசம் ஆறு என்று நான் வாசித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அவளுடைய உதடு அசைந்தது, கழித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நடந்து வந்து மேடையில் ஏறி, அவனுடைய காற்சட்டையை இடுப்பில் பிடித்து, மற்றக் கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"ஒவ்வொரு மாசமும் நீங்கள்தானே அண்ணா நிறுத்தனீங்கள்" என்றாள். அவ்வளவுதான்.

வாசலில் த்ரீவீலர் பிடித்து ஏற்றினோம். முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி பின்னால் ஓடி வந்தாள். "அக்கா, என்ன டயட் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாள். நான் அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தேன், அங்கால போங்கோ என்று கத்தினேன். அவள் பாவம், மிரண்டு போனாள். அவளுக்குத் தெரியாததுதான் எனக்கும் தெரியாமல் இருந்தது. அவளாவது அவன் மெலிந்ததை நம்பினாள்.

அன்று ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது மெசின் இலக்கமே காட்டவில்லை. இரத்தத்தில் அவ்வளவு சீனி. இன்னும் இரண்டு கிழமை விட்டிருந்தால் நினைவில்லாமல்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்று டொக்டர் சொன்னார். பத்து நாள் வைத்திருந்தார்கள். கால் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. இருபது மூட்டை அரிசியையும் நான்தான் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இல்லத்தில் இறக்கினேன். மச்சான் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். நான் வெள்ளவத்தை வீட்டுக்குப் போனால் கடைக்கு இறங்கிவிடுவான். அவனைப் பெனியனோடு நிற்க வைத்தவன் நான். அதை அவன் மன்னிக்கவில்லை, நானும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது உடம்பு தேறி வருகிறான். காலி வீதியில் சனம் அவனை மறித்து, "என்ன, திரும்ப உடம்பு வச்சிட்டியள், டயட்டை விட்டிட்டியளோ?" என்று குறைப்படுகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி அவனை நிறுத்து, இலக்கத்தை மட்டும் வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவாள். வேறு ஒரு சொல்லும் இருக்காது. நானும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு வருடம் இப்படியே போயிற்று. போன ஞாயிறு எழுபத்தொன்பது தசம் ஆறு என்று வந்தது. முந்தின கிழமையை விட ஒரே பாய்ச்சலாக ஒன்றரைக் கிலோ கூட. என்னால் பொறுக்க முடியவில்லை. செருப்போடு நிறுத்தீர்களா என்று கேட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. தங்கச்சியின் போனிலிருந்துதான். ஆனால் அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை.

"வந்து நிறுத்துப் பாரடா" என்று இருந்தது.

சேட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.